ஹுன்னஸ்கிரியப் பனியில் ஐந்து மைல் வேகம்

கடந்த நவம்பரில் ஒரு சனிக்கிழமை அண்ணனும் நானும் கண்டியிலிருந்து ஹுன்னஸ்கிரியவுக்குப் போய் வந்தோம். ஊர் சுற்றப் போகவில்லை. அண்ணனின் பழைய மைனர் காரில் வேகம் காட்டும் மீட்டரைத் திருத்தியிருந்தோம், அது சரியாக வேலை செய்கிறதா என்று ஓட்டிப் பார்க்க வேண்டியிருந்தது. அந்தப் பக்கத் தோட்டமொன்றில் எங்கள் அத்தை இருக்கிறார். அவரையும் பார்த்துவிடலாம் என்று கிளம்பினோம். பழைய கார் வைத்திருப்பவர்களும், மழைக்காலத்தில் அந்தப் பாதையில் போக நினைப்பவர்களும் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

காரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். முதுகு வளைந்த, வெளிர் பச்சை நிறக் கார். அண்ணன் அதைக் கல்யாணங்களுக்கு வாடகைக்கு ஓட்டுகிறார். அதன் மீட்டர் வாங்கிய நாளிலிருந்தே பொய் சொன்னது. முப்பது மைலில் போனால் நாற்பதைத் தாண்டிக் காட்டும். கார் நின்றுகொண்டிருக்கும்போதும் முள் பத்து மைலில் நின்று நடுங்கும். மாப்பிள்ளை வீட்டார் சிரிப்பார்கள். நாளடைவில் அதைப் பார்ப்பதையே நாங்கள் விட்டுவிட்டோம். பின்னால் நடந்ததற்கு இந்தப் பழக்கமும் ஒரு காரணம்.

அக்குறணையில் பழைய மீட்டர்களைத் திருத்தும் முஸ்லிம் பெரியவர், நானா ஒருவர் இருக்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனோம். கண்டியிலிருந்து மாத்தளை வீதியில் பத்துக் கிலோமீட்டர் அளவு. பிரதான வீதியில் கடைகளின் நெரிசலைத் தாண்டினால், ஒரு சந்துக்குள் அவருடைய கராஜ். அவர் மீட்டரைக் கழற்றி மேசையில் வைத்துத் திறந்தார். முள்ளைப் பின்னுக்கு இழுத்துப் பிடிக்கும் தலைமயிர் போன்ற சுருள் கம்பி தளர்ந்திருந்தது. பழைய எண்ணெய் பிசினாகி முள்ளின் அடியில் ஒட்டியிருந்தது.

“கார்ல பிழையில்ல தங்கச்சி. யாரோ இதுக்குள்ள எண்ணெய ஊத்தீக்கிறாங்க. மீட்டருக்குள்ள எண்ணெய் ஊத்தப் படாது,” என்றார்.

சுத்தம் செய்து, சுருளை இறுக்கி, கியர் பெட்டியிலிருந்து வரும் கேபிளுக்கு கிரீஸ் பூசி மாட்டினார். பிறகு அண்ணனோடு முன்னால் ஏறி, கையில் ஃபோனை வைத்துக்கொண்டு வீதியில் இரண்டு தடவை ஓடிப் பார்த்தார். ஃபோன் காட்டிய வேகமும் முள் காட்டிய வேகமும் ஒத்துப்போயின. ஆறாயிரத்து ஐந்நூறு ரூபாய் வாங்கினார். “இப்ப சரியா ஈக்கி. நின்டா சைபர், ஓடினா ஓடுற வேகம்,” என்று சொல்லி அனுப்பினார்.

ஹுன்னஸ்கிரியவுக்குக் கண்டியிலிருந்து ஏறக்குறைய முப்பத்தைந்து கிலோமீட்டர். திகன, தெல்தெனிய வரை சாதாரணப் பாதை. அதற்குப் பிறகு ஏற்றமும் வளைவும். போகும்போது வெயில். ஒரு கிலோமீட்டர் கல்லிலிருந்து அடுத்த கல்லுக்கு எடுத்த நேரத்தைக் கணக்குப் போட்டு, மீட்டரோடு ஒப்பிட்டுக்கொண்டே போனோம். அண்ணனுக்கு ஒரே சந்தோஷம். ஒவ்வொரு கல்லுக்கும் “பாத்தியா, பாத்தியா” என்றார்.

அத்தை வீட்டில் சாப்பிட்டு எழுந்தபோது தேயிலை மலையை முழுக்கப் பனி மூடியிருந்தது. முற்றத்தில் நிறுத்தியிருந்த காரே தெரியவில்லை.

“இருந்துட்டுக் காலையில போங்கடா. இந்தப் பனியில எதுக்கு எறங்குறீங்க?” என்றார் அத்தை.

“காலையில கண்டியில கல்யாண ஹயர் இருக்கு அத்தை. மெதுவாப் போயிருவோம்,” என்றார் அண்ணன்.

மெதுவாகத்தான் போனோம். பட்டப் பகல்தான், இருந்தும் முன்விளக்குகள் எரிந்தன. அவற்றின் வெளிச்சம் ஒரு வெள்ளைச் சுவரில் பட்டு எங்களிடமே திரும்பி வந்தது. வேறு வாகனமே இல்லை. தேயிலைக்குள்ளிருந்து பேச்சுச் சத்தம், நாய்ச் சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. ஓர் இறக்கத்தில் வீதியில் மண்ணும் சிறு கற்களும் சிதறிக் கிடந்தன. அண்ணன் நிறுத்தி, கைப்பிரேக்கை இழுத்து, இயந்திரத்தை அணைத்தார்.

“முன்னால மண்ணு சரிஞ்சிருக்கான்னு பாத்துட்டு வர்றேன். லொறி வந்தா சத்தம் கேக்கணும், ஸ்டார்ட் பண்ணாத. நீ இந்தப் பக்கம் வந்து உக்காரு.”

நான் ஓட்டுநர் இருக்கைக்கு நகர்ந்தேன். தூறிக்கொண்டிருந்ததால் அவர் சிவப்புக் குடையை விரித்துக்கொண்டு நடந்தார். கொஞ்ச நேரத்தில் ஆள் மறைந்து, குடை மட்டும் ஒரு சிவப்புப் புள்ளியாகத் தெரிந்தது. அது இடப்பக்கமாகச் சாய்ந்திருந்தது. காற்றாக்கும் என்று நினைத்தேன்.

அந்த நிசப்தத்தில் எவ்வளவு நேரம் இருந்தேன் என்று தெரியவில்லை. பனி ஜன்னல்களை ஒட்டி நின்றது. வீதியோரமும் மரமும் கண்ணில் படவில்லை. அப்புறம் குடை பெரிதாக ஆரம்பித்தது. அண்ணன் திரும்பி வருகிறார் என்று நிம்மதியாக இருந்தது. தற்செயலாக மீட்டரைப் பார்த்தேன். முள் சைபரிலிருந்து எழும்பி, ஐந்தை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது.

திருத்தி ஒரு வாரம் ஆகவில்லை, அதற்குள் பழையபடி பொய் சொல்கிறதே என்று எரிச்சல்தான் வந்தது. குடை இன்னும் பெரிதானது. அதன் கீழே அண்ணனின் சட்டை தெரிந்தது. முகம் தெரியவில்லை. தெரிந்தது அவருடைய முதுகு.

அவர் என்னிடம் வரவில்லை. நான்தான் அவர் மேல் போய்க்கொண்டிருந்தேன்.

இரண்டு காலாலும் பிரேக்கை மிதித்தேன். டயர்கள் ஈரத்தில் கிறீச்சிட்டன. காரின் மூக்கு அவருக்கு ஒரு கை தூரத்தில் நின்றது. அண்ணன் திரும்பிப் பார்த்தார். பயந்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். ஆனால் அவர் முகத்தில் குழப்பம்தான் இருந்தது.

“நீ எப்பப் போய் கார்ல ஏறுன?” என்று கேட்டார்.

எனக்கு விளங்கவில்லை. “நான் எறங்கவே இல்லையே அண்ணே,” என்றேன்.

“எங்கூடத்தானே நடந்து வந்த? இந்தா, இந்தப் பக்கம். நனையிற, குடைக்குள்ள வான்னு கூடச் சொன்னேன்.”

அவர் காட்டியது இடப்பக்கம். கியரைப் போட்டுவிட்டு இறங்கி, முன்சக்கரத்துக்குக் கல் வைத்தேன். இருவரும் ஓரத்துக்குப் போய்ப் பார்த்தோம். தாருக்கும் வெள்ளையடித்த கற்களுக்கும் நடுவில் ஒரு பாதம் வைக்கத்தான் இடம் இருந்தது. கற்களுக்கு அப்பால் ஒன்றுமே இல்லை, கீழே பனி மட்டும். “யாராச்சும் இருக்கீங்களா?” என்று கூப்பிட்டேன். என் குரல் பஞ்சில் அமுங்கியதுபோல் போய்விட்டது.

தெல்தெனியவில் ஒரு கடையில் நிறுத்தி பிளேன்டீ குடித்தோம். வீடு வந்ததும்தான் எனக்கு அழுகை வந்தது. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் அண்ணியிடம் போய் என்ன சொல்லியிருப்பேன் என்ற நினைப்பு அதற்குப் பிறகும் பல நாள் என்னை விடவில்லை.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். பழைய காரில் மீட்டரைத் திருத்தும் முன் கைப்பிரேக்கைப் பாருங்கள். எங்களுடையதில் கம்பி நீண்டுபோயிருந்ததை மறுநாள்தான் கண்டுபிடித்தோம். சரிவில் நிறுத்தினால் கியரில் விடுங்கள், சக்கரத்துக்குக் கல் வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழை நாட்களில் ஹுன்னஸ்கிரியவிலிருந்து மதியத்துக்கு முன்பே இறங்கிவிடுங்கள். அடர்ந்த பனியில் கார் ஓடுகிறதா நிற்கிறதா என்று உடம்புக்குத் தெரியாது. திருத்திய மீட்டர் ஒன்று சொன்னால், முதலில் பிரேக்கை மிதியுங்கள், சந்தேகத்தைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். அண்ணன் பார்த்தது என்ன என்பதற்கு என்னிடம் விளக்கம் இல்லை. தேடவும் எனக்கு விருப்பமில்லை.

இதைப் போடுவதற்கு முன் அண்ணனிடம் படிக்கக் கொடுத்தேன். கடைசி வரை படித்துவிட்டு, ஃபோனைத் திருப்பித் தந்தார்.

“எல்லாம் சரி. ஒண்ண மட்டும் விட்டுட்ட,” என்றார். “நீ பிரேக் போட்ட சத்தத்துக்கு நான் திரும்பிப் பாத்தேன். எங்கூட வந்தது திரும்பல. அது பாட்டுக்கு நடந்து போயிருச்சு.”