பங்காரப்பேட்டைக்கு முன்னால் உள்ள ஸ்டேஷன்கள்

கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போன மனைவியைக் கூட்டி வர, ஐந்து ஞாயிற்றுக்கிழமை பங்காரப்பேட்டைக்கு டிக்கெட் எடுத்தேன். ஐந்து தடவையும் வழியிலேயே இறங்கிவிட்டேன். ரயில் மேல் ஒரு குற்றமும் இல்லை. அது ஒழுங்காகத்தான் போனது. எனக்குத்தான் தைரியம் பாதி வழி வரைக்கும் போதுமானதாக இருந்தது.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது. பெங்களூர் ஜோகுபாளையத்தில் ஒரு ரூம், ஒரு சமையல்கட்டு. கல்யாணமாகி ஏழு வருஷம், குழந்தை இல்லை. அவளுடைய உறவில் ஒரு வளைகாப்பு. பந்தியில் உட்கார்ந்திருந்தேன். எதிர் வரிசையிலிருந்து ஒரு அத்தை சத்தமாகக் கேட்டார், "உங்க வீட்ல எப்ப மாப்ளே?"

எதைக் கேட்டாலும் ஜோக்கடிக்கிற வாய் எனக்கு. "ஆர்டர் குடுத்து ஏழு வருஷமாச்சு அத்தை. கம்பெனிய மூடிட்டாங்க போல" என்றேன். பந்தியே சிரித்தது. என் மனைவி பாயச வாளியோடு எனக்கு இரண்டு இலை தள்ளி நின்றிருந்தாள். மூன்று நாளைக்கு முன்னால்தான், இனி எதிர்பார்க்க வேண்டாம் என்று டாக்டர் அவளிடம் சொல்லியிருந்தார். அது எங்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும். அவள் அந்த வரிசை முழுக்கப் பாயசம் ஊற்றி முடித்தாள். என் இலைக்கும் ஊற்றினாள். மறுநாள் காலையில் பங்காரப்பேட்டைக்குப் போய்விட்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஈஸ்ட் ஸ்டேஷனில் பாசஞ்சர் பிடித்தேன். கையில் அவளுக்குப் பிடித்த மைசூர்பாகு கால் கிலோ. "தப்பு என்மேலதான், வந்துடு." சொல்ல வேண்டியது அவ்வளவுதான். அதையே மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். கே.ஆர்.புரம் தாண்டியதும் எழுந்து வாசல் பக்கம் போய் நின்றுகொண்டேன். ஒயிட்ஃபீல்டில் இறங்கி, கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு அடுத்த வண்டியில் போகலாம் என்று பெஞ்சில் உட்கார்ந்தேன். அடுத்த வண்டியும் வந்தது. அது பெங்களூருக்குத் திரும்புகிற வண்டி. ஏறிவிட்டேன். மைசூர்பாகை நானே தின்றேன்.

மறுவாரம் தேவனகொந்தி. பிளாட்பாரத்தில் என்னைத் தவிர யாரும் இல்லை. ரயில்வே ஊழியர் ஒருவர் கொடியைச் சுருட்டிக்கொண்டே வந்து, "யாரு பேக்கு?" என்று கன்னடத்தில் கேட்டார். யார் வேண்டும் என்கிறார். பெண்டாட்டி வேண்டும் என்று சொல்லவா முடியும்? "சும்னே" என்றேன். சும்மா வந்தவனை அவர் அதற்கு முன்னால் பார்த்ததில்லை போலிருக்கிறது, வண்டி வரும்வரை என் மேலேயே ஒரு கண் வைத்திருந்தார். மாலூரில் ஓட்டுச் சூளைப் புகையை எண்ணிக்கொண்டிருந்தேன். டேக்கலில் மலையாகக் குவிந்து கிடக்கிற பாறைகளைப் பார்த்தபடி இரண்டு மணி நேரம். ஒவ்வொரு வாரமும் அவளுக்கு ஒரு ஸ்டேஷன் பக்கத்தில் போனேன். ஒவ்வொரு வாரமும் கால் கிலோ. பெண்டாட்டி போனபிறகு ஆள் ஒரு சுற்றுப் பெருத்துவிட்டான் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள்.

நான் வேலை பார்த்த மோட்டார் ரீவைண்டிங் கடையில் திங்கட்கிழமை டீ நேரத்துக்கு எல்லோரும் காத்திருக்க ஆரம்பித்தார்கள். அங்கே எல்லோருக்கும் எல்லோரும் 'குரு'தான்.

"என்னா குரு, அண்ணி வந்தாங்களா?"

"எங்க குரு! மாலூர் வரைக்கும் போனேன். பொண்ணு பாக்கப் போன மாதிரி ஸ்டேஷன மட்டும் பாத்துட்டு வந்துட்டேன்."

"புடிச்சிருந்துச்சா?"

"ஸ்டேஷன் ஓகே. கக்கூஸ்தான் ஜாதகம் சரியில்ல."

சிரிப்பார்கள். கொடி சுருட்டியவரின் நடை, "யாரு பேக்கு" என்கிற குரல் எல்லாவற்றையும் நடித்துக் காட்டினேன். வாரா வாரம் ஒரு ஸ்டேஷன் சேர, கதை மெருகேறிக்கொண்டே போனது. "அடுத்த வாரம் மாரலஹள்ளியா குரு?" என்று கேட்பார்கள். மாரலஹள்ளிதான். அதற்கடுத்தது பங்காரப்பேட்டை.

ஆறாவது ஞாயிறு, வேறு ஸ்டேஷன் மிச்சமில்லாததால் இறங்கினேன்.

மாமியார்தான் கதவைத் திறந்தார். மைத்துனன் பேப்பரை மடித்துவிட்டு எழுந்து நின்றான். சண்டை போடுவார்கள் என்று நினைத்திருந்தேன். நாற்காலி போட்டார்கள். அவள் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். மெலிந்திருந்தாள். சமையல்கட்டு நிலையில் சாய்ந்துகொண்டு நேராகவே கேட்டாள்.

"ஒன்றரை மாசமா ஏன் வரல?"

எனக்கு அந்த ஒரு வாக்கியம் தெரியும். ஈஸ்ட் ஸ்டேஷனிலிருந்து சொல்லிக்கொண்டே வந்ததுதான். ஆனால் மூன்று பேர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான்கு பேர் பார்த்தால் என் வாய் என் பேச்சைக் கேட்காது. மூன்று பேரும் போதும் என்று அன்றைக்குத் தெரிந்தது. "அத ஏன் கேக்குற, மொதல்ல ஒயிட்ஃபீல்டு" என்று ஆரம்பித்துவிட்டேன். தேவனகொந்திக் கொடியைச் சுருட்டினேன். மைசூர்பாகு, கக்கூஸ் ஜாதகம், ஒன்றையும் விடவில்லை. மாமியார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். மைத்துனனுக்குப் புரையேறியது.

மாரலஹள்ளிக்கு வந்தபோது அவள் குறுக்கே கேட்டாள்.

"அடுத்த ஸ்டேஷன் இதுதான்னு தெரியும்ல?"

"தெரியும்."

"அப்பவும் திரும்பிப் போயிட்டீங்க."

"வண்டி வந்துருச்சு, ஏறிட்டேன்" என்றேன், கைதட்டலுக்கு நிற்கிறவன் மாதிரி.

அவள் உள் ரூமுக்குப் போனாள். சூட்கேஸ் பூட்டு இரண்டும் டப் டப் என்று திறக்கிற சத்தம் கேட்டது. துணி எடுத்து வைக்கிறாள், கிளம்பிவிட்டாள் என்று நினைத்தேன். அவ்வளவு நாளுக்கப்புறம் அன்றைக்குத்தான் எனக்கு நிஜமாகப் பசித்தது. மாமியார் இலை போட்டார். ரசத்துக்கு இரண்டாவது முறை சோறு வாங்கிக்கொண்டேன். இரண்டரை மணி வண்டிக்குப் போனால் ஜன்னலோரம் கிடைக்கும் என்றுகூடச் சொன்னேன்.

கை கழுவிவிட்டு வந்தபோது, உள் ரூமிலிருந்து மாமியார் வெளியே வந்தார். சிரித்த முகம் இல்லை அது.

"நீங்க கெளம்புங்க மாப்ளே. அவ வரலையாம்."

நான் உள்ளே போகப் பார்த்தேன். கதவு சாத்தியிருந்தது. ஒரு நிமிஷம் அதன் முன்னால் நின்றேன். என்னிடம் அப்போது ஒரு ஜோக்கும் இல்லை. அந்த ஒரு வாக்கியமும் வரவில்லை.

மைத்துனன் ஸ்டேஷன் வரைக்கும் கூட வந்தான். வண்டி வந்து நான் ஏறிய பிறகு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னான்.

"இனிமே வராதீங்க மாமா. நீங்க கூப்புட வருவீங்கன்னு ஒன்றரை மாசமா சூட்கேச கட்டியே வச்சிருந்தா. இப்பத்தான் பிரிச்சா."