வைதாஸ் அண்ணையின் சைக்கிள் ஆலை

“ஆலை கைமாறிய கிழமை முழுக்க வைதாஸ் அண்ணை ஆஸ்பத்திரியில். வயிற்றில் சத்திரசிகிச்சை. அவருக்கு ஒன்றும் தெரியாது.” 2004 நவம்பர், ஒரு செவ்வாய்க்கிழமை அவர் சொல்லக் கேட்டு நான் எழுதிய குறிப்பு. கடைசி வரிக்குக் கீழே கோடும் போட்டிருக்கிறேன்.

வேறெதையோ தேடும்போது இந்தக் கொப்பி அகப்பட்டது. தாள்களில் இன்னமும் சூடான துணி மணக்கிறது, அல்லது எனக்கு அப்படித் தோன்றுகிறது. அப்போது குரோருட்டில் ஒரு சலவைச்சாலையில் வேலை. ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளை இருவர் சேர்ந்துதான் மடிக்க வேண்டும். நுனிகளைப் பிடித்து விலகி நின்று உதறி, பிறகு ஒருவரை நோக்கி ஒருவர் நடக்க வேண்டும். முகங்கள் கிட்ட வரும் அந்த நொடியில்தான் கதை. ஒரு கதை முடிய ஐம்பது விரிப்பாவது ஆகும்.

என் சோடி வைதாஸ், லித்துவேனியாவில் அரச சைக்கிள் ஆலையொன்றில் மேற்பார்வையாளராக இருந்தவர். இருவரும் பேசியது ஓட்டை நொஸ்க்தான், இந்த நாட்டு நோர்வே மொழி. என் ஞாபகத்தில் மட்டும் அவர் யாழ்ப்பாணத் தமிழ் பேசுகிறார். கம்யூனிசம் போனதும் ஆலையில் தொழிலாளருக்கும் பங்கு கொடுத்தார்களாம். பணிப்பாளர் ஆள் வைத்து அவற்றைத் தன் பெயருக்கு எழுதுவித்து, பிறகு இயந்திரங்களைக் கழற்றிப் பழைய இரும்பாக விற்றாராம். சொல்லும்போது அண்ணையின் கண் கலங்கும்.

நான் திகதி விசாரிக்காமல் எதையும் நம்பாதவன். கலியாண வீட்டிலும் தாலி கட்டிய நேரத்தைக் குறிக்கிற ஆள் என்று மனைவி நக்கலடிப்பாள். ஆனால் அண்ணை என்று கூப்பிட்ட மனிதரைக் குறுக்கு விசாரணை செய்ய வாய் வரவில்லை. கேட்டதை அப்படியே கட்டுரையாக்கி எங்கள் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு மலரில் போட்டேன். ஒரு பிரதி அவருக்கும் கொடுத்தேன். வாசிக்கத் தெரியாத எழுத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, சலவைச்சாலையில் தனக்கிருந்த அலுமாரியில் வைத்துப் பூட்டினார்.

அடுத்த வசந்தத்தில் டைனா எங்களோடு வேலைக்கு வந்தார். எல்லிங்ஸ்ருட்டில் வீடுகள் துப்புரவு செய்துகொண்டிருந்தவர். லித்துவேனியாவில் வைதாஸின் அதே ஊர், கணவருக்கும் அதே ஆலை என்று அறிந்ததும், பெரிய உபகாரம் செய்கிறவன்போல நானே அவரை வைதாஸிடம் கூட்டிப்போனேன்.

டைனா என் கையிலிருந்த விரிப்பு நுனியை வாங்கினார். உதறினார்கள். நடந்தார்கள். கிட்ட வந்ததும், எனக்கும் விளங்கட்டும் என்றோ என்னவோ, நொஸ்க்கில் சொன்னார்:

“நீ எங்கட குசினியில வந்திருந்து தேத்தண்ணி குடிச்சனீ. என்ர மனுசன் பங்குக் கடதாசியில கையெழுத்து வைக்கமாட்டன் எண்டவர். ‘நான் வைச்சிட்டன், நீங்களும் பயப்பிடாமல் வையுங்கோ’ எண்டு நீதான் அவருக்குச் சொன்னனீ.”

“எப்ப?” என்று கேட்டேன். அந்த நேரத்திலும் என் வியாதி விடவில்லை.

“ஆலை கைமாறுறதுக்கு முதல் நாள்.”

வைதாஸ் விரிப்பை நான்காக மடித்து அடுக்கில் வைத்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“நீ ஒருநாளும் கேக்கேல்லையே, தம்பி.”

திங்கட்கிழமை அவர் வேலைக்கு வரவில்லை. அலுமாரி திறந்து கிடந்தது. சொந்தச் சம்பளத்தில் வாங்கிய நல்ல வேலைச் சப்பாத்தை விட்டுவிட்டு, ஆண்டு மலரை எடுத்துப் போயிருந்தார்.

அந்தச் சலவைச்சாலை இப்போது இல்லை. அந்த இடத்தில் அடுக்குமாடி வீடுகள். டைனா லில்லெஸ்ட்ரோம் பக்கம் போனதோடு தொடர்பு விட்டுப்போயிற்று. சங்கம் கலைந்து ஆண்டு மலரும் நின்றதால், நான் எழுதிவைத்த திருத்தம் அச்சேறவேயில்லை. கொப்பியில் அந்தக் கோட்டின் கீழ் பென்சிலால் சேர்த்திருக்கிறேன்: “அந்தக் கையெழுத்துகளை வாங்கிக் கொடுத்ததற்குக் கூலியாக வைதாஸுக்குப் பணிப்பாளரின் பழைய கார் கிடைத்தது என்கிறார் டைனா. வைதாஸ் தன் பங்கையும் உண்மையிலேயே எழுதிக் கொடுத்தாரா என்பது உறுதிப்படுத்தப்படவில்லை.”