ஹேசலுக்குச் சொன்னதாகச் சொன்னது

காலுக்குக் கீழே அரிசி நெரியும் சத்தம் எனக்கு இன்றைக்கும் ஆகாது. சமையலறையில் கைதவறி ஒரு பிடி கொட்டினால்கூட, பிள்ளைகளை நின்ற இடத்திலேயே நிற்கச் சொல்லி அதட்டிவிட்டு, குனிந்திருந்து கடைசி மணிவரை பொறுக்கிய பிறகுதான் மற்ற வேலை பார்ப்பேன். என் கணவர் இதைச் சிக்கனம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். அப்படியே நினைத்துக்கொள்ளட்டும். அந்தச் சத்தத்தை நான் முதன்முதலில் கேட்டது பன்னிரண்டு வயதில், ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், நான் பெரியபிள்ளையானதற்கு வைத்த சாமத்தியச் சடங்கு முடிந்து, பட்டுச்சேலையும் நெற்றிச்சுட்டியும் தலை நிறையப் பூவுமாக மண்டபத்திலிருந்து நாங்கள் புலம்பெயர்ந்து வாழ்ந்த மனோர் பார்க் வீட்டுக்குத் திரும்பியபோது. வாசலில் காலையில் வைத்த நிறைகுடம் வைத்தபடியே இருந்தது. உள்ளே, சமையலறை முழுக்க அரிசி.

அந்த வீட்டில் நாங்கள் மூன்று பேர். அப்பா நான் கைக்குழந்தையாக இருக்கும்போதே போய்விட்டார். அம்மா ஒரு சாண்ட்விச் தொழிற்சாலையில் விடியற்காலை ஷிப்ட் செய்தார். மேல்மாடியில், ஒரு கட்டிலைப் போட்டால் கதவு முழுதாகத் திறக்காத சின்ன அறையில், அம்மாவின் தம்பி, என் சின்னமாமா இருந்தார். அவருடைய அகதி வழக்கு இரண்டு முறை "ரிஜெக்ட்" ஆகி, மாதாமாதம் குடிவரவு அலுவலகத்தில் கையெழுத்து வைக்கப் போவதையும் நிறுத்திவிட்டு, அரசாங்கத்தின் கண்ணில் இல்லாத மனிதராக வாழ்ந்துகொண்டிருந்தார். அப்போது ஊரில் சண்டை. பிடித்துத் திருப்பி அனுப்பினால் அவருக்கு என்ன நடக்கும் என்பதை எங்கள் வீட்டில் ஒருவரும் வாய்விட்டுப் பேசியதில்லை. ஆனால் கதவு மணி அடித்தால் மாமா மேலே போவார், அம்மா ரேடியோவின் சத்தத்தைக் குறைப்பார், நான் போய்க் கதவைத் திறப்பேன். எங்கள் வீட்டுச் சட்டம் அதுதான்.

கதவைத் திறக்கும் உத்தியோகம் எனக்கு வந்தது என் ஆங்கிலத்தால். கவுன்சில் கடிதம், டொக்டர், பாடசாலை, காஸ் மீற்றர் பார்க்க வருகிறவன் என்று எல்லாருக்கும் அம்மாவின் வாய் நான்தான். எங்கள் சனத்தின் பிள்ளைகள் பலருக்கு இந்த வேலை தெரிந்திருக்கும். வேர்வையும் இல்லை, சம்பளமும் இல்லை, ஆனால் தலைக்கனம் நிறைய உண்டு. "என்ரை பிள்ளை இங்கிலீசிலை விளாசுவாள்" என்று அம்மா மண்டபம் கேட்கச் சொல்லும்போது எனக்குத் தரையில் கால் பாவாது.

சடங்குக்கு மூன்று நாள் முன்னால், நான் வீட்டோடு இருந்த வியாழக்கிழமை, ஒருவன் வந்து மணி அடித்தான். கூரையோரம் மழைத்தண்ணீர் ஓடும் பீலியில் இலை அடைத்துக் கிடக்கிறது, துப்புரவாக்கித் தரட்டுமா என்று கேட்டான். வெள்ளை வான், ஏணி, சிரித்த முகம். அம்மா உள்ளே இருந்தபடியே வேண்டாம் என்று சொல்லச் சொன்னார், சொன்னேன். அவன் போகவில்லை. கதவுநிலையில் அன்று காலைதான் கட்டிய பிளாஸ்டிக் மாவிலைத் தோரணத்தைக் காட்டி, "யாருக்குக் கல்யாணம்?" என்றான். என் வாய் சும்மா கிடக்குமா? கல்யாணம் இல்லை, எனக்குத்தான் விழா, ஞாயிற்றுக்கிழமை, பெரிய மண்டபம், முன்னூறு பேர், காலையில் போனால் பின்னேரம்தான் வருவோம் என்று, அவன் கேட்டதற்கும் கேட்காததற்கும் சேர்த்துப் பதில் சொன்னேன். "வாழ்த்துகள், இளவரசி" என்றான். அன்று முழுக்க அந்தச் சொல்லை நினைத்து நினைத்துச் சிரித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை களவெடுக்க வந்தவர்கள் அலுமாரியைத் தொடவில்லை. மெத்தையைக் கிழிக்கவில்லை. சமையலறைப் பின்கதவை உடைத்து, நேரே அரிசி வாளியைத் தூக்கித் தலைகீழாகக் கவிழ்த்திருந்தார்கள். எங்கள் பெண்கள் எல்லாரும் நகையை அரிசிக்குள்தான் வைப்பார்கள் என்பதும், அப்படி வைப்பதை உலகத்திலேயே தாங்கள் மட்டும் கண்டுபிடித்த தந்திரம் என்று ஒவ்வொருத்தியும் நம்புவாள் என்பதும் அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. அம்மாவின் கழுத்தில் கிடந்ததும் நான் போட்டிருந்ததும் தப்பின. மற்றதெல்லாம் போயிற்று.

மாமா படிக்கட்டில் உட்கார்ந்தார். "அக்கா, நான் எங்கையாவது போறன். நீ பொலிசுக்கு அடி" என்றார்.

"எங்கை போவாய்? எவன் உனக்குக் கதவு திறப்பான்?" என்றார் அம்மா. "வேலியாலை போன ஓணானைப் பிடிச்சு மடியிலை விட்ட கதையா, பொலிசை நாங்களே கூப்பிட்டு வீட்டுக்கை விடுறதே? போனது போகட்டும். ஒருத்தருக்கும் மூச்சு விடக்கூடாது." பிறகு என் பக்கம் திரும்பி, "பிள்ளை, அந்தப் பீலிக்காரன்தான் வேவு பாத்திருக்கிறான். நீ அவனுக்கு என்ன சொன்னனீ?" என்று கேட்டார்.

"வேண்டாம் எண்டு மட்டும்தான் சொன்னன்" என்றேன்.

மூவரும் சேர்ந்து அரிசியைக் கூட்டி அள்ளினோம். சேலை மாற்றக்கூட ஒருவரும் சொல்லவில்லை. மறுநாள் கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரமாக மாமா மூன்று பூட்டு வாங்கிவந்து, உடைந்த கதவுக்குக் குறுக்கே பலகை அடித்தார்.

பக்கத்து வீட்டு ஹேசல் அந்தப் பலகையைக் கண்டுவிட்டார். எழுபது தாண்டிய, தனியாக வாழ்ந்த வெள்ளைக்காரப் பெண்மணி. பாடசாலைச் சாப்பாட்டுக்கூடத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். அம்மா வேலிக்கு மேலால் வடை கொடுப்பார், அவர் திருப்பித் தக்காளி கொடுப்பார். இருவருக்கும் பொதுவாகப் பத்துச் சொல்கூட இருக்காது, ஆனாலும் பேசிச் சிரிப்பார்கள். என் சடங்குக்கு நீலத் தொப்பி போட்டு வந்து, முன்வரிசையில் இருந்து, இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டவர். கதவுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டார். மாமா சாவியைத் தொலைத்துவிட்டு உடைத்தார் என்று அம்மா சொல்லித்தந்தபடி சொன்னேன். "ஆம்பிளைகள்!" என்று ஹேசல் தலையில் கைவைத்துச் சிரித்தார்.

ஒரு மாதம் போயிருக்கும். சனிக்கிழமை முற்பகல் யன்னலால் பார்த்த அம்மா என்னைக் கூப்பிட்டார். ஹேசல் வீட்டு வாசலில் அதே வெள்ளை வான். கூரையில் ஏணி.

"ஓடிப்போய் அந்த மனுசிக்குச் சொல்லு" என்றார் அம்மா. "எங்கடை வீட்டிலை நடந்ததையும் சொல்லு, பரவாயில்லை. அவ நல்ல மனுசி, ஒருத்தருக்கும் சொல்லமாட்டா. அவனை வீட்டுக்கை எடுக்கவேண்டாம் எண்டு சொல்லு."

வாசகர்களே, அம்மா சொன்னது அதைத்தான். பயத்தில் வாழ்ந்த, ஆங்கிலம் தெரியாத, தம்பியை ஒளித்து வைத்திருந்த அந்தப் பெண், நேரம் வந்தபோது சரியானதைத்தான் சொன்னார். இதை இங்கே எழுதி வைக்கவேண்டிய கடன் எனக்கு இருக்கிறது.

நான் பின்பக்க வேலிக்குப் போனேன். ஹேசல் தேநீர்க் கோப்பையோடு நின்றார். "எவ்வளவு நல்ல பிள்ளை தெரியுமா, இருமல் மருந்துகூட வாங்கிவந்து தந்தான்" என்றார். அவன் ஏணியில் நின்றபடி கீழே பார்த்தான். என்னை அடையாளம் கண்டுகொண்டான். "விழா நன்றாக நடந்ததா, இளவரசி?" என்று கேட்டான். ஹேசல் ஆச்சரியத்தோடு, "உங்களுக்கு முன்பே பழக்கமா?" என்றார்.

அந்த இடத்தில் நான் ஒரு சொல் சொல்லியிருந்தாலும் எல்லாம் வெளியே வந்திருக்கும். அவன் வாயைத் திறந்தால், ஞாயிற்றுக்கிழமை வீடு காலி என்று அவனுக்குச் சொன்னது யார் என்பதும் வந்திருக்கும். "வடை வேண்டுமா என்று அம்மா கேட்கச் சொன்னார்" என்றேன். வேண்டும் என்றார் ஹேசல்.

உள்ளே வந்து, "சொல்லிட்டன் அம்மா. தான் கவனமா இருக்கிறாவாம்" என்றேன். அம்மா பெருமூச்சு விட்டு என் தலையைத் தடவினார்.

அடுத்த வாரம், ஹேசல் வழக்கமாகத் தலைமுடி வெட்டப்போகும் நாள். கடை பூட்டியிருந்ததால் உடனே திரும்பிவிட்டார். அவர் வீட்டு மாடிப்படியில் களவெடுக்கப் புகுந்தவர்கள் எதிரே இறங்கி வந்தார்கள். அவரைத் தள்ளிவிட்டுப் போய்விட்டார்கள். சுவருக்கு அந்தப் பக்கத்து முனகலைக் கேட்டது ஷிப்ட் முடிந்து வந்து படுத்திருந்த மாமாதான். தெருமுனை டெலிபோன் பூத்துக்கு ஓடி, தனக்குத் தெரிந்த நாலு ஆங்கிலச் சொல்லை வைத்து அம்புலன்ஸைக் கூப்பிட்டார். பெயர் கேட்டதும் வைத்துவிட்டு வந்து, கட்டிலில் இருந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். பிடிபட்டால் எல்லாம் முடிந்துவிடும் என்ற நிலையில் இருந்த மனிதர், ஓடினார். எனக்கு வேலிவரை பத்தடி.

பொலிஸ்காரி வீடு வீடாகக் கேட்டுக்கொண்டு வந்தார். இடையில் நான், பின்னால் அம்மா, தலைக்கு மேலே அசையாமல் மாமா. யாரையாவது, எதையாவது கண்டீர்களா என்று கேட்டார். அம்மா ஒரு கணம் மேலே பார்த்தார். பிறகு, "வானைச் சொல்லு பிள்ளை. அவன்ரை முகத்தையும் சொல்லு. வாறது வரட்டும்" என்றார்.

"நோ" என்ற சொல் அம்மாவுக்குத் தெரியும். "வான்" என்பதும் தெரியும். ஆகவே முதலாவது வராமலும் இரண்டாவது வரும்படியும் ஒரு வசனம் கட்டினேன். இந்த ரோட்டில் எப்போதும் வெள்ளை வான்கள் நிறைய வந்துபோகும் என்று அம்மா சொல்கிறார், ஹேசலை நினைக்க அவருக்கு மிகவும் கவலையாக இருக்கிறது, என்றேன். "வான்" காதில் விழுந்ததும் அம்மா பலமாகத் தலையாட்டினார். பொலிஸ்காரி நன்றி சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார். என் ஆங்கிலத்தில் ஒரு பிழையும் இருக்கவில்லை.

மாமாவைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னேன் என்று வெகுகாலம் எனக்கு நானே சொல்லிவந்தேன். அதில் பாதி உண்மை. மற்றப் பாதி, பீலிக்காரன் பிடிபட்டால் நான் வாயாடியது தெரிந்துவிடும் என்ற பயம். எந்தப் பாதி பெரியது என்று எனக்குத் தெரியும்.

ஆஸ்பத்திரிக்கு ஒருமுறை வடையோடு போனோம். இடுப்பெலும்பு முறிந்த ஹேசல் தலையணைக்குள் புதைந்து கிடந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்தப் பையன் இப்படிச் செய்வான் என்று யாருக்குத் தெரியும்?" என்றார்.

"என்னவாம்?" என்று அம்மா கேட்டார்.

"வந்ததுக்கு நன்றியாம்" என்றேன்.

ஹேசல் அந்த வீட்டுக்குத் திரும்பவில்லை. எங்கோ தூரத்தில் முதியோர் இல்லத்துக்குக் கொண்டுபோனார்கள். இரண்டாவது குளிர்காலத்தில் இறந்துபோனார் என்று தபால்காரர் சொன்னார். பீலிக்காரன் பிடிபடவே இல்லை.

போன மாதம் ஹேசலின் அந்த வீடு மறுபடி விற்பனைக்கு வந்தது. மாமாவுக்கு எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு விசா கிடைத்து, இப்போது இதே நகரத்தின் வடக்குப் பக்கம் எட்மண்டனில் சொந்தக் கடை, மூன்று பிள்ளைகள், கொஞ்சம் தொந்தி. மூத்த மகளுக்கு அக்கா வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு வீடு பார்க்கலாம் என்று ஞாயிற்றுக்கிழமை வந்திருந்தார். ஹேசலின் தக்காளிப் பாத்திகள் இருந்த இடத்தில் சீமெந்து போட்டிருக்கிறார்கள். எங்களுக்கு இடையில் இருந்த இடுப்பளவு வேலி போய், ஆளுயரச் சுவர் நிற்கிறது. வடை கொடுக்க ஏலாது.

அம்மாவின் சமையலறையில் இருந்து, மாமா போனில் பொலிசின் குற்ற வரைபடத்தைத் திறந்தார். களவு நடந்த இடத்துக்கெல்லாம் அதில் புள்ளி இருக்கும். "பார் அக்கா, இந்த ரோட்டிலை ஒரு புள்ளிகூட இல்லை. நல்ல சேஃப்பான இடம்" என்றார். யாராவது போய்ச் சொன்னால்தான் புள்ளி வரும் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் முகத்தில் இருந்த சந்தோசத்தைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன்.

அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தார். "முந்தி ஒருக்கா நடந்ததுதானே, பாவம் ஹேசல்" என்றார், திரும்பாமலே. "அதுக்கு நாங்கள் என்ன செய்யிறது? முதலே சொல்லிவிட்டனாங்கள். அவ கேக்கேல்லை. பொலிசுக்கும் சொன்னனாங்கள், அவங்களும் ஒண்டும் செய்யேல்லை. எங்களிலை ஒரு பிழையும் இல்லை." பிறகு கையை உதறிக்கொண்டு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் சந்தேகம் துளியும் இல்லை, பெருமைதான் இருந்தது.

"என்ன பிள்ளை, நீதானே போய்ச் சொன்னனீ?"

மாமாவும் போனிலிருந்து நிமிர்ந்து பார்த்தார்.

"ஓம் அம்மா," என்றேன், "நான்தான் சொன்னனான்."