குணுக்கு மாட்டிய ஞாயிற்றுக்கிழமை

நேற்று காலை மாடிக் கொடியில் துணி விரித்துக்கொண்டிருந்தபோது அடுத்த வீட்டுத் தென்னையிலிருந்து ஒரு குரும்பை என் தோளில் விழுந்தது. நெல்லிக்காய்ப் பருமன்தான், வலிக்கவில்லை. ஆனால் என் கை தோளைத் தடவாமல் நேராகக் காதுக்குப் போய்விட்டது. வயசான மனுஷன் ஒருத்தன் தன் காதைத் தானே பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்த எதிர்வீட்டுப் பெண், காது வலியா மாமா என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். உள்ளதைச் சொல்லத் தொடங்கினால் அவள் அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்துவிடும். உங்களுக்கு அந்த அவசரம் இல்லை என்று நினைக்கிறேன்.

மார்த்தாண்டத்தில் ஒரு லாரி புக்கிங் ஆபீசில் நான் கிளார்க்காக இருந்த காலம். ஆபீஸ் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ளாதீர்கள். முன்னால் ஒரு மேசையும் தராசும், பின்னால் ஒரு தகரக் கொட்டகையும், அவ்வளவுதான். கொட்டகை நிறைய ரப்பர் ஷீட் கட்டுகள் கிடக்கும். புளித்த பாலைப் புகையில் காட்டியதுபோல ஒரு வாடை. புதிதாக வருகிறவன் மூக்கைப் பொத்திக்கொள்வான். எனக்கோ இப்போதும் பஸ்ஸில் போகையில் அந்த வாடை வந்தால், செவ்வாயோ புதனோ, ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டதுபோல் இருக்கும்.

ஞாயிறு மத்தியானம் கடையெல்லாம் அடைத்துக் கிடக்கும். மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் தின்று முடித்து நாங்கள் நாலு பேர் அந்தக் கொட்டகைக்கு வந்துவிடுவோம். நான், என் கூட்டாளி சுரேந்திரன் அண்ணன். அவருக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. எதிர்க்கட்சி ஜெயசிங்கும் அல்போன்சும். ஜெயசிங் ரப்பர் நாற்று விற்பவன், கோபக்காரன். அல்போன்ஸ் மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கடற்கரைக்காரன், என் வயசு, மஸ்கட்டில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு வந்து ஃபேன்சி ஸ்டோர் வைத்திருந்தான். கடையில் வளையலும் ரிப்பனும் விற்கிறவனுக்குக் கை மட்டும் தோணி வலிக்கிற கை.

ஆடுவது இருபத்தெட்டு. கேரளத்துக்காரர்கள் தங்கள் ஆட்டம் என்பார்கள், நாங்கள் எங்கள் ஆட்டம் என்போம், அந்த வழக்கு இப்போது வேண்டாம். இரண்டு இரண்டு பேராகச் சேர்ந்து ஆடுகிற சீட்டாட்டம். காசு கிடையாது. அதற்குப் பதில் குணுக்கு உண்டு. தோற்ற ஜோடியில் ஆட்டத்தைக் கோட்டைவிட்டவன் காதில் தென்னை ஈர்க்கிலை வளைத்து, அதன் நுனியில் ஒரு குரும்பையைக் குத்தி, பழைய காலத்துப் பாட்டிமார் பாம்படம் போட்டதுபோல் தொங்கவிடுவார்கள். அடுத்த ஆட்டம் ஜெயித்தால் கழற்றலாம். ஜெயிக்காமல் ஆட்டம் கலைந்துவிட்டால் அதோடுதான் வீட்டுக்குப் போகவேண்டும். நான் பலமுறை போயிருக்கிறேன், காதைச் சுற்றிக் கைலேஞ்சியை, கைக்குட்டையைத்தான், கட்டிக்கொண்டு. பல்வலியா என்று வழியில் விசாரிப்பார்கள். அல்போன்ஸ் கைலேஞ்சி கட்டமாட்டான். சைக்கிளில் ஏறி, குரும்பை ஆட ஆட, ஜங்ஷன் வழியாகவே போவான். கேட்டவர்களிடமெல்லாம் இன்றைக்குத் தோற்றுப்போனேன் என்று, மீன் வாங்கினேன் என்பதுபோலச் சொல்வான்.

ஒரு ஓணத்துக்குக் குழித்துறைப் பக்கம் ஒரு வாசகசாலையில் இருபத்தெட்டுப் போட்டி வைத்தார்கள். பரிசு ஒரு ஏத்தங்குலை, நேந்திரன் வாழைத்தார். சும்மா குலை இல்லை, இரண்டு பேர் சேர்ந்து தூக்குகிற குலை. எப்படியோ கடைசி ஆட்டத்துக்கு எங்கள் நாலு பேருமே வந்து சேர்ந்தோம். கொட்டகையில் ஆடுகிற ஆட்டத்தை ஊர் கூடிப் பார்த்தது.

இந்த ஆட்டத்தில் ஒரு சட்டம். மற்றவன் இறக்கின இனம் நம் கையில் இருந்தால் அதைத்தான் போடவேண்டும். இல்லாவிட்டால்தான் துருப்புச்சீட்டால் வெட்டலாம். இருக்கும்போது வெட்டினால் அது கள்ளவெட்டு, அந்த ஆட்டமே போயிற்று. சுரேந்திரன் அண்ணன் இஸ்பேடு இறக்கினார். அல்போன்ஸ் வெட்டினான். அத்தோடு எங்கள் கதை முடிந்தது. ஜெயசிங் எழுந்து நின்றுவிட்டான், கூட்டம் கைதட்டியது, யாரோ குலையின் கயிற்றை அவிழ்க்கப் போய்விட்டார்கள். அல்போன்ஸ் மட்டும் கையிலிருந்த மிச்சச் சீட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தான். ஆடிக்கொண்டே எல்லாரும் உப்பேரி தின்றிருந்தோம். அந்த ஏத்தங்காய் வறுவலின் எண்ணெயில் இரண்டு சீட்டு ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது. பிரித்தான். பின்னால் ஒரு இஸ்பேடு.

யாரும் பார்க்கவில்லை. அதை அவன் பேசாமல் சீட்டுக்கட்டோடு சேர்த்திருக்கலாம். மல்லாத்தி நடுவில் வைத்துவிட்டு, "நான் வெட்டுனது தப்பு. குலை இவங்களுக்குத்தான்" என்றான்.

ஜெயசிங்குக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. உனக்கென்ன வட்டா என்றான், பைத்தியமா என்றான், வேணுமென்று செய்தாயா என்றான். அல்போன்ஸ் ஈர்க்கிலைத் தானே வளைத்து மாட்டிக்கொண்டான். பிறகு நிதானமாகச் சொன்னான்: "மக்கா, குலைய ஒரு வாரத்துல தின்னு தீத்துருவோம். அடுத்த ஞாயிறு இவனுக்க மூஞ்சியப் பாத்து சீட்டுப் போடாண்டாமா?"

அந்தக் குலையை என் வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்ததும் அவன்தான். குணுக்கோடு வாசலில் நின்றவனைப் பார்த்து என் வீட்டுக்காரி லில்லி சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அடுக்களைக்குப் போயும் நிற்கவில்லை. அவள் சிரித்தால் அப்படித்தான், தோள் குலுங்கும், சத்தம் வராது. அந்த வாரம் முழுக்க எங்களுக்கு ஏத்தம்பழம் புழுக்கியும் பொரித்தும் அலுத்துப்போயிற்று. ஜெயசிங் வெகுநாள் பேசாமல் இருந்தான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்து, அல்போன்சுக்கு எதிரே உட்கார்ந்து, அவனிடம் பேசாமலே கூட்டுச் சேர்ந்து ஆடினான். அதுவும் ஒரு அழகு.

வருஷங்கள் எங்கே போயின என்று கேட்காதீர்கள். எனக்கும் தெரியாது. ரிட்டயர் ஆனேன், மகன் கனடா போனான், ஒரு மழைக்காலத்தில் லில்லி போய்விட்டாள். மகன் வந்தான், இருந்தான், திரும்பிப்போனான். நான் அழவில்லை. அழக்கூடாது என்றெல்லாம் இல்லை, வரவில்லை. வீட்டுக்கு வந்த எல்லாரும் என்னோடு குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். காப்பியை ஆற்றிக் கொடுத்தார்கள். நான் சொன்ன எதையும் யாரும் மறுக்கவில்லை. இன்றைக்கு வெள்ளிக்கிழமை என்று வியாழக்கிழமையன்று சொன்னேன், ஆமாம் என்றார்கள். கண்ணாடிப் பாத்திரத்தைப்போல என்னை ஒரு ஓரமாக எடுத்து வைத்துவிட்டார்கள். லில்லி போனதோடு நானும் போய்விட்டேனோ என்று எனக்கே சந்தேகம் வந்தது.

ஒரு ஞாயிறு மத்தியானம் மூன்று பேரும் என் வீட்டுக்கு வந்தார்கள். கொட்டகை அதற்குள் இல்லாமல் போயிருந்தது. சாப்பாட்டு மேசையில் சீட்டுப் போட்டோம். முதல் ஆட்டம் நான் ஜெயித்தேன். இரண்டாவதும் நான்தான். பிறகுதான் கவனித்தேன். ஜெயசிங், உயிரே போனாலும் குலான் சீட்டை, ஆட்டத்திலேயே பெரிய சீட்டை, விட்டுக்கொடுக்காத ஜெயசிங், அதை என் பக்கம் விழும்படி இறக்குகிறான். எடுக்க முடியாத புள்ளிக்கு ஏலம் கேட்டுத் தோற்கிறான். முகத்தில் அப்படியொரு பரிவு. சுரேந்திரன் அண்ணன் சபாஷ் சபாஷ் என்கிறார். காய்ச்சல்காரனுக்குக் கஞ்சி ஊட்டுவதுபோல் எனக்கு வெற்றியை ஊட்டினார்கள். நல்ல மனசுதான், ஆனால் எனக்கு அது இறங்கவில்லை. எழுந்து போய்ப் படுத்துக்கொள்ளலாமா என்று பார்த்தேன்.

அல்போன்சும் கவனித்திருக்கிறான். பால் விடாத கட்டன் சாயாவை ஒரே மடக்காகக் குடித்துவிட்டுச் சீட்டைக் கலைத்தான். ஜெயசிங்கைப் பார்த்து, ஆடுவதானால் ஆடு, இல்லாவிட்டால் எழும்பு என்றான். அப்புறம் அவன் ஆடின ஆட்டம் இருக்கிறதே, அதற்கு முன்னும் பின்னும் நான் கண்டதில்லை. துருப்பைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு என்னை முழம் முழமாக அறுத்தான். நானும் சும்மா இருக்கவில்லை. எனக்குக் கோபம் வந்தது, எத்தனையோ நாளைக்குப் பிறகு உடம்பில் சூடு ஏறியது, மூளை கணக்குப் போட்டது, மேசையில் அடித்துச் சீட்டு இறக்கினேன். முழு பலத்தோடு ஆடினேன், முழுசாகத் தோற்றேன்.

அல்போன்ஸ் எழுந்து போய் விளக்குமாற்றிலிருந்து ஒரு ஈர்க்கில் உருவினான். வெளியே போய்க் குரும்பை தேடி எடுத்து வந்தான். ஜெயசிங் பதறி அவன் கையைப் பிடித்தான். "லேய், பெண்டாட்டி செத்த வீடுலே இது. அந்த மனுஷன் காதுலயா மாட்டப் போற?"

அல்போன்ஸ் கையை விடுவித்துக்கொண்டு, "பெண்டாட்டிதான் செத்திருக்கா. இவன் சாவல, கேட்டியா" என்றான்.

என் காதில் மாட்டினான். எதிரே சுவரில் லில்லியின் படம். அவள் தோள் குலுங்குவதுபோல இருந்தது எனக்கு. சிரித்தேன், உள்ளபடியே சிரித்தேன், அந்தச் சிரிப்பு பாதியிலேயே உடைந்து அழுகையாகிவிட்டது. குணுக்கு ஆட ஆட, வாய்விட்டு அழுதேன். யாரும் தேற்றவில்லை. அல்போன்ஸ் சீட்டைக் கலைத்து, என் பங்கை என் முன்னால் போட்டுவிட்டுக் காத்திருந்தான். முகத்தைத் துடைத்துக்கொண்டு எடுத்தேன். அந்த ஆட்டமும் தோற்றேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

அல்போன்ஸ் போன வருஷம் போய்ச் சேர்ந்தான். கடற்கரைக் கல்லறைத் தோட்டத்தில் மண் போட்டுவிட்டு வந்தேன். ஜெயசிங் மகளோடு பெங்களூரில் இருக்கிறான். ஊருக்கெல்லாம் கண்ணாடி கொடுத்த சுரேந்திரன் அண்ணனுக்கு இப்போது இஸ்பேடும் கிளாவரும் ஒன்றுபோலத்தான் தெரிகிறது. போனில் ஆடலாம் என்று மகன் ஏதோ ஏற்றிக் கொடுத்தான். முகம் தெரியாதவர்களோடு ஆடிப் பார்த்தேன். தோற்கிற நிலை வந்ததும் எதிராளி சொல்லாமல் கொள்ளாமல் காணாமல் போய்விடுகிறான். யாருக்கும் குணுக்கு வேண்டாம்.

எங்கள் தெருமுனை மன்றத்தில் ஒரு கேரம் போர்டு உண்டு. பி.எட். முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கும் ஒரு பிள்ளை என்னைப் பார்த்தால் உடனே இடம் ஒதுக்கிக் கொடுப்பான், மரியாதைக்காரன். போன ஞாயிறு ஆடினோம். குழி ஓரத்தில் நின்ற காயை வேணுமென்றே தப்பவிட்டான். இன்னொன்றையும் விட்டான். கையெடுத்துக் கும்பிடாத குறையாகச் சொன்னேன், "மக்கா, ஒழுங்கா அடி. என்னைத் தோக்கடிச்சாலும் ஒண்ணுமில்ல."

அவன் சிரித்துக்கொண்டே ஸ்ட்ரைக்கரை என் பக்கம் தள்ளினான். "சும்மா டைம்பாஸ்தானே தாத்தா, நீங்களே ஜெயிச்சுக்கிடுங்க."

அன்பாகத்தான் சொன்னான். ஜெயித்துவிட்டு வீட்டுக்கு நடந்தேன். பூட்டைத் திறந்து, நானே விளக்கைப் போட்டேன்.