வாயைத் திறந்து ஒரு வாங்க

எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவர் வந்தால், உள்ளே எத்தனை பேர் இருக்கிறார்களோ அத்தனை பேரும் தனித்தனியாக ‘வாங்க’ சொல்ல வேண்டும். அடுப்படியில் இருப்பவள் எட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும். சாப்பிட்டுக்கொண்டிருப்பவர் சோற்றுக் கையோடு சொல்ல வேண்டும். அப்போதுதான் பேச்சு வந்த குழந்தையைக்கூட, “மாமாவ வாங்கன்னு சொல்லு கண்ணு” என்று முதுகில் தட்டிச் சொல்ல வைப்பார்கள். காபி கொடுக்காவிட்டால் போகட்டும் என்று விடுவார்கள். ‘வாங்க’ சொல்லாவிட்டால் தொலைந்தது.

இப்பேர்ப்பட்ட ஊரில் எனக்கு வாய்த்தவர் வாயே திறக்காத மனுஷர்.

கோயமுத்தூரில் ஒரு நூல் மில்லில் அவருக்கு வேலை. நாள் முழுக்க மிஷின் இரைச்சல். பக்கத்தில் நிற்பவன் கத்தினாலும் கேட்காது. அதனால் அங்கே வேலை செய்கிறவர்கள் உதட்டை அசைத்தும் கையைக் காட்டியும்தான் பேசிக்கொள்வார்கள். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. வயிற்றைத் தட்டினால் பசிக்கிறது. விரலை வாய்க்குக் காட்டினால் தண்ணீர். “சோத்துக்கு வயித்தத் தட்டறீங்களே, நான் என்ன ஊமை வீட்டுலயா வாக்கப்பட்டேன்?” என்று கத்துவேன். சிரிப்பார். அந்தச் சிரிப்பைப் பார்த்தால் என் கோபம் போய்விடும், அது வேறு விஷயம்.

பேசவே தெரியாதவர் இல்லை. கல்யாணமான புதிதில் பேசினார். மில் இரைச்சலைக் கேட்டுக் கேட்டுக் காது மந்தமாகியிருந்ததால் பேச்செல்லாம் கத்தலாகத்தான் வரும். ஒருநாள், “ரசம் நல்லாருக்குது அம்மணி” என்று சொன்னதற்கு, வரிசையாக ஒட்டிக் கட்டிய எங்கள் லைன் வீட்டில் இருந்த அத்தனை பெண்களும் சண்டை விலக்க ஓடி வந்துவிட்டார்கள். அன்றைக்குக் கூசிப்போனவர்தான். அதற்கப்புறம் கைதான் பேசியது.

எனக்கு ஒரே அண்ணன். சோமனூரில் தோட்டம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா, அம்மா போன பிறகு எனக்குப் பிறந்த வீடு என்றால் அவர்தான். மகள் பிறந்து சில மாதம் இருக்கும். ஒருநாள் காலையில் கைநிறையப் பலகாரத்தோடு வந்தார். நான் பின்பக்கம் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் நைட் ஷிப்ட் முடிந்து அப்போதுதான் வந்து உட்கார்ந்திருந்தார். அண்ணனைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பாக எழுந்து, கையைத் தூக்கி, உள்ளங்கையைத் திருப்பிக் கட்டிலைக் காட்டியிருக்கிறார். மில்லில் அதற்கு ‘வாங்க, உக்காருங்க’ என்று அர்த்தம்.

அண்ணன் வாசல்படியிலேயே நின்றார். வார்த்தை வரும் வரும் என்று பார்த்தார். வரவில்லை. மறுபடியும் கைதான் வந்தது.

நான் ஈரக்கையோடு ஓடி வந்தபோது பலகாரப் பையைப் படியில் வைத்துவிட்டார். “ஏனம்மணி, உன்ற ஊட்டுக்காரரு பஸ்ஸ நிறுத்தற மாதிரி கையக் காட்டறாரு? நாங்க அவ்வளவு எளப்பமாப் போயிட்டமா?” என்றார். தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பி நடந்தார். என் வீட்டுக்காரர் பின்னாலேயே தெருமுனை வரைக்கும் ஓடினார். பாவம், அப்போதும் கையைத்தான் ஆட்டினார்.

அண்ணன் அதற்குப் பிறகு வரவே இல்லை. மில் பழக்கம் அது, மரியாதைக் குறைச்சல் இல்லை என்று ஆள்மேல் ஆள் சொல்லி அனுப்பினேன். “கைக்குப் பழக்கம் இருந்தா வாய்க்கு என்ன கேடு?” என்று பதில் வந்தது. அண்ணன் என் கூடப்பிறந்தவர் ஆயிற்றே, வாயை வேறு எங்கே கடன் வாங்குவார்!

மகளுக்குக் காது குத்த வேண்டிய வயது வந்தது. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். மாமன் உயிரோடு இருக்கும்போது வேறு ஆள் மடியில் உட்கார வைத்தால், எனக்கும் பிறந்த வீட்டுக்கும் இருந்த நூலை நானே அறுத்துப்போட்ட மாதிரி. அண்ணனிடமிருந்து சேதி வந்தது: “அவரு வாயத் தொறந்து கூப்புட்டா வாரேன். இல்லைனா வேற மடி பாத்துக்கோ.” அன்று ராத்திரி நான் அழுத அழுகை எனக்குத்தான் தெரியும். என் வீட்டுக்காரருக்கும் தெரிந்திருக்கிறது. காலையில் எழுந்ததும், “என்ன சொல்லோணும், சொல்லிக் குடு” என்றார். லைன் வீடே கேட்டது.

அப்புறம் எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம்தான். “வாங்க மச்சான். விசேசத்துக்கு நீங்கதான் முன்னால நின்னு நடத்திக் குடுக்கோணுங்க.” இவ்வளவுதான் பாடம். சத்தத்தைக் குறைக்கச் சொன்னால் உதடு மட்டும் அசையும். கூட்டச் சொன்னால் கூரை பிய்ந்து போகும். நடுவில் ஒன்று அவரிடம் கிடையவே கிடையாது. வருகிற ஆளிடமெல்லாம் சொல்லிப் பழகச் சொன்னேன். பால்காரம்மாவிடம், “வாங்க” என்றார். அந்தம்மா பால் சொம்பை ஓரமாக வைத்துவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்து, காபி குடித்து, மருமகள் கதை முழுக்கச் சொல்லிவிட்டுத்தான் போனது. அன்றைக்குத் தெருவில் யாருக்கும் நேரத்துக்குப் பால் கிடைக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தாம்பாளம், வெற்றிலை பாக்கு, பழம் எல்லாம் எடுத்துக்கொண்டு காந்திபுரத்தில் பஸ் ஏறினோம். வழியெல்லாம் அவர் உதடு அசைந்துகொண்டே இருந்தது. கருமத்தம்பட்டி தாண்டும்போது கண்டக்டர், “ஏனுங்க, எங்கயோ இறங்கோணும்னு சொல்றீங்களா?” என்று குனிந்து கேட்டார். இவர் பயந்துபோய்க் கையைக் காட்டினார்.

அண்ணன் வீட்டை நெருங்கும்போதே தடதடவென்று சத்தம். கிணறு வற்றிப்போனதால் அண்ணன் தோட்டத்தை விட்டுவிட்டு, வீட்டுக்குப் பக்கத்திலேயே கொட்டகை போட்டு விசைத்தறி ஓட்டுகிறார் என்று கேள்விப்பட்டிருந்தேன். சத்தம் இப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. அண்ணன் மனைவியை நாங்கள் நங்கையா என்போம். நங்கையா வாசலுக்கு வந்து வாய் நிறைய ‘வாங்க’ சொல்லி, “உங்கண்ணன் தறிகிட்ட இருக்காருங்க, வரச் சொல்றேன்” என்றார். இவர் காத்திருக்கவில்லை. மனப்பாடம் மறந்துபோகும் என்ற பயமோ என்னமோ, நேராகக் கொட்டகைக்குள் நுழைந்துவிட்டார். நான் தாம்பாளத்தோடு பின்னால் ஓடினேன்.

அண்ணன் நிமிர்ந்து பார்த்தார். முகம் இறுகியது. இவர் வாயைத் திறந்தார். அத்தனை நாள் சொல்லிக் கொடுத்தேனே, ஒரு எழுத்தும் எனக்குக் கேட்கவில்லை. எல்லாவற்றையும் தறி விழுங்கிவிட்டது. போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

ஆனால் அண்ணன் காதைக் கொடுக்கவில்லை. அவர் கண் இவர் உதட்டிலேயே இருந்தது. ‘வாங்க மச்சான்’ முதல் கடைசி வரைக்கும் உதட்டைப் பார்த்தே படித்துக்கொண்டிருந்தார். முடிந்ததும், தன்னை அறியாமல் கையைத் தூக்கி, உள்ளங்கையைத் திருப்பி, ஓரத்தில் கிடந்த ஸ்டூலைக் காட்டினார்.

காட்டிய கை அப்படியே நின்றது. அண்ணன் தன் கையையே பார்த்தார். இவரும் அதையே பார்த்தார். அப்புறம் இரண்டு பேரும் சிரித்தார்கள் பாருங்கள், அந்தச் சிரிப்பும் எனக்குக் கேட்கவில்லை. வயிறு குலுங்குவது மட்டும் தெரிந்தது. அண்ணன் என் கையிலிருந்து தாம்பாளத்தை வாங்கிக்கொண்டார். அதோடு விட்டார்களா? நின்று பேசினார்கள், பேசினார்கள், அப்படிப் பேசினார்கள். உதடும் விரலும் ஓயவே இல்லை. இருவருக்கும் நடுவில் நின்று, “என்னங்க? என்னண்ணா?” என்று நான்தான் கத்திக்கொண்டிருந்தேன். ஊருக்கே பேச்சுச் சொல்லிக் கொடுக்கிறவள் நான். அங்கே ஒன்றும் புரியாமல் நின்றவளும் நான் ஒருத்திதான்.

திரும்பி வரும்போது, “அப்படி என்னதான் பேசுனீங்க?” என்று கேட்டேன்.

“வாரேன்னாரு.”

“அதுக்கா அவ்வளவு நேரம்?”

சுற்றுமுற்றும் ஒருதரம் பார்த்தார். அப்புறம் அவரால் முடிந்த மட்டும் மெதுவாகச் சொன்னார். “தறிய நிறுத்துனாலும் காதுல இரைச்சல் நிக்கறதில்லையாமா. ராத்திரி தூக்கமே இல்லையாமா. ஊட்டுல யாருக்கும் தெரியாதாமா. எனக்கும் ஆரம்பத்துல அப்படித்தான் இருந்துச்சு, பயப்படாதீங்கன்னேன்.” மெதுவாகச் சொன்னதே ரோட்டில் போன சைக்கிள்காரன் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு இருந்தது. என் அண்ணன் என்னிடம் சொல்லாததை இவரிடம் சொல்லியிருக்கிறாரே என்று எனக்குப் பொறாமையாகவும் இருந்தது, கண்ணும் கலங்கியது.

காதுகுத்து எங்கள் குலதெய்வக் கோயிலில். பந்தல் வாசலில் இவர் வெள்ளை வேட்டியோடு நின்றார். அண்ணன் சீர்த்தட்டோடு வருவது தூரத்திலேயே தெரிந்தது. சனமெல்லாம் பார்க்கிறார்களே, கத்திவிடுவாரே என்று எனக்குப் பக்கென்றது. மெதுவா, மெதுவா என்று கையைக் காட்டினேன். ஆமாம், நானும் கையைத்தான் காட்டினேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை.

“வாங்க மச்சான்!”

மேளக்காரர்கள் வாசிப்பை நிறுத்திவிட்டார்கள். பந்தலில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணன் செருப்பைக் கழற்றாமல் அங்கேயே நின்றார்.

“இன்னொருக்காச் சொல்லுங்க மாப்ள,” என்றார். “சரியாக் கேக்கல.”

இவர் இன்னும் சத்தமாகச் சொன்னார்.