திமிலுக்குப் பின்னால் ஒரு கமரா

1. அணைந்த படம்

நான் இந்த வேலைக்கு வந்த முதல் நாளே கமரா அணைந்துபோனது.

டென்மார்க்கில் மலை இல்லை. விபோர்க்குக்கும் இக்காஸ்டுக்கும் இடையில் இருக்கும் எங்கள் மேடு, நோர்வே போய்வந்தவர்கள் பார்த்தால் சிரிக்கிற உயரம்தான். பனி நன்றாகக் கொட்டினால் மட்டும் திறப்போம். ஸ்கீயைக் காலில் மாட்டிக்கொண்டு வருகிறவர்கள், ஓடும் கயிற்றில் உள்ள கைபிடியைப் பற்றினால், கயிறு அவர்களை மேலே இழுத்துக்கொண்டு போகும். அந்தக் கயிற்றை ஓட்டுவதும் நிறுத்துவதும் என் வேலை. மற்ற மாதங்களில் அதே நிறுவனத்துக்குப் புல் வெட்டுவேன், வேலி திருத்துவேன். பனிக்காலத்தில் எனக்கு ஒரு மரக் கொட்டில், அதற்குள் ஒரு சின்ன ஹீற்றர், ஒரு சிவப்புப் பொத்தான்.

மேட்டின் நடுவில் மாட்டுத் திமில்போல ஒரு புடைப்பு இருக்கிறது. அதற்குப் பின்னால் உள்ள துண்டு கொட்டிலில் இருந்து தெரியாது. அங்கே ஒருவர் விழுந்து கிடந்தால் அடுத்த கைபிடியில் வருகிறவர் அவர்மேல் ஏறுவார். உச்சியில் ஒரு பாதுகாப்புக் கம்பி உண்டு. கைபிடியை விடாமல் அதுவரை போகிறவர் கம்பியில் முட்டினால் கயிறு தானாக நிற்கும். திமிலுக்குப் பின்னால் அப்படி எதுவும் இல்லை. அதனால் அங்கே ஒரு தடியில் ஓர் அக்‌ஷன் கமராவைப் பூட்டியிருந்தார்கள். ஸ்கீக்காரர்கள் தலைக்கவசத்தில் கொழுவுகிற அதே சின்னக் கமரா. படம் கொட்டிலில் உள்ள ரப்லெற்றுத் திரைக்கு வரும்.

ஹென்ரிக் என் பொறுப்பாளர். கனக்கக் கதைக்காதவர். டேனிஷில் அவர் சொன்னதைத் தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: “படம் இருந்தால் ஓட்டு. படம் இல்லையெண்டால் நிப்பாட்டு. யோசிக்காதை.”

பற்றரி முழுதாக இருந்தது. காலை வேலை தொடங்கிச் சிறிது நேரத்தில் திரை கறுத்தது. நிறுத்தினேன். ஏறி ஓடினேன். திமிலுக்குப் பின்னால் ஒருவரும் இல்லை. வெறும் பனியும் இரண்டு ஸ்கீத் தடங்களும். இறங்கி வந்து கதிரையில் இருந்தேன். ஆள் இல்லை என்பது தெரிந்த பிறகும் அந்தப் பயம் போகவில்லை. அன்றிலிருந்து அந்தக் கமராவை ஒரு நோயாளியைப்போலக் கவனிக்கத் தொடங்கினேன்.

2. குளிர் கமராவுக்கு என்ன செய்யும்

நான் படித்தது சாதாரண பள்ளிப் படிப்பு. இதெல்லாம் பட்டு அறிந்தவை. புதிதாக வருகிறவர்களுக்குப் பயன்படும் என்று எழுதுகிறேன்.

குளிரில் பற்றரி உண்மை பேசாது. பாதி இருக்கிறது என்று காட்டிக்கொண்டே செத்துவிடும். சூடு பட்டால் மறுபடி உயிர் வரும். ஆகவே மாற்றுப் பற்றரிகளைப் பையில் வைக்கக்கூடாது, உடம்போடு வைக்கவேண்டும். நான் உள்சட்டைப் பொக்கற்றில் வைப்பேன். முதல் வாரம் என் மனைவி கேட்டாள்:

“என்னப்பா, நெஞ்சுக்குள்ளை கோழிக்குஞ்சு வளர்க்கிறியளோ?”

“பற்றரி.”

“எனக்கு ஒரு நாளும் இப்பிடிச் சூடு தந்தது கிடையாது.”

கமராவின் சின்னத் திரையை அணைத்து வைக்கவேண்டும். படத்தின் தரத்தைக் குறைக்கவேண்டும். அழகான படம் வேண்டாம், ஆள் தெரிந்தால் போதும். கை சூடாக்கும் பொட்டலத்தைக் கமராவின் முதுகில் வைத்துக் கம்பளிக் காலுறையால் சுற்றலாம். முன்பக்கம் வைத்தால் கண்ணாடியில் மூடுபனிபோலப் புகார் படியும். கண்ணாடியில் வாயால் ஊதித் துடைக்கவே கூடாது. மூச்சு அந்த இடத்திலேயே உறைந்துவிடும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய பிழை, குளிர்ந்த கமராவை நேரே ஹீற்றருக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைப்பது. நான் அதைத்தான் செய்தேன், பாவம் குளிருதே என்று. உள்ளுக்குள் வியர்த்து, இரண்டு நாள் வெள்ளைத் திரையாகவே இருந்தது. வெளியிலேயே பிளாஸ்ரிக் பையில் போட்டு இறுக்கிக் கட்டி, அதன் பிறகுதான் உள்ளே கொண்டுவர வேண்டும். பையின் வெளியே வியர்க்கட்டும். பை காய்ந்த பிறகு திறக்கலாம்.

இவ்வளவும் தெரிந்துகொண்டபோது, இனிக் கமரா என்னை ஏமாற்றாது என்று நினைத்தேன்.

3. இக்காஸ்டில் இருந்து வந்த பஸ்

தைப்பொங்கல் முடிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை. கடும் குளிர். இக்காஸ்டில் இருந்து ஒரு பஸ் வந்து நின்றது. தமிழ் வகுப்புப் பெற்றோர்கள், பொங்கல் சுற்றுலா. பிள்ளைகள் டேனிஷில் கத்திக்கொண்டு இறங்கினார்கள், பெரியவர்கள் தமிழில் கத்திக்கொண்டு இறங்கினார்கள்.

எங்கள் ஆட்களைக் கண்டால் எனக்கு வாய் கட்டிவிடும். கோயிலில்கூடத் தூணுக்குப் பின்னால் நிற்கிறவன் நான். தொப்பியை இறக்கிவிட்டேன். பலன் இல்லை. ஒருவர் யன்னலில் தட்டினார். பெயர் குணம் என்று பிறகு அறிந்தேன். இக்காஸ்டில் தொழிற்சாலை வேலை.

“அட, எங்கடை ஆள்! அண்ணை, ஐஸ்பெட்டிக்குள்ளை இருந்து என்ன செய்யிறியள்?”

“கயிறு ஓட்டிறன்.”

“கயிறு திரிக்கிற ஆக்களை நிறையக் கண்டிருக்கிறன். ஓட்டிற ஆளை இண்டைக்குத்தான் காணுறன்.”

அவர் மனைவி ராஜி அக்கா அவருக்குப் பின்னால் வாடகை ஸ்கீயோடு தத்தித் தத்தி வந்தார். பஞ்சு வைத்த நீல ஜக்கெற். அதற்கு மேலே, நெஞ்சில், தாலிக்கொடி. யாழ்ப்பாணத்துக் கொடி எப்படி என்று தெரியும்தானே, சுண்டுவிரல் மொத்தம். தன் சினேகிதியிடம் கைத்தொலைபேசியைக் கொடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தார்:

“ஊருக்கு அனுப்பிற வீடியோ. ஸ்கீயும் தெரியவேணும், கொடியும் தெரியவேணும். ரெண்டிலை ஒண்டு விட்டாலும் திருப்பி எடுக்கவேணும், சொல்லிப்போட்டன்.”

கழுத்தில் சால்வையோ சங்கிலியோ இருக்கக்கூடாது என்பது எங்கள் மேட்டின் விதி. டேனிஷ்காரரிடம் நாள் முழுக்க அதைச் சொல்கிறேன். மனப்பாடமான வசனம், அதில் கூச்சம் இல்லை. அன்று வாயைத் திறந்தேன், வசனம் வரவில்லை. கட்டிய மனுசியைப் பார்த்து, புருசன் பக்கத்தில் நிற்க, ‘தாலியைக் கழட்டுங்கோ’ என்று எந்தத் தமிழன் சொல்வான்? அது வாயில் எடுக்கக்கூடாத சொல். டேனிஷில் அது வெறும் சங்கிலி. தமிழில் அப்படி இல்லை.

“அக்கா, குளிர் கூட. கொடியை ஜக்கெற்றுக்குள்ளை விட்டு சிப்பை மேலை இழுத்துவிடுங்கோ,” என்றேன்.

“ஓம் தம்பி, ஓம்.” உள்ளே விட்டார். கழுத்துவரை இழுத்துப் பூட்டினார். எனக்கு மூச்சு வந்தது.

முதல் முறை நல்லபடி மேலே போனார். இறங்கும்போது பாதியில் இருந்து பின்பக்கத்தைப் பனியில் தேய்த்துக்கொண்டுதான் வந்தார். எல்லோரும் சிரித்தார்கள். இரண்டாம் முறை வந்தபோதும் சிப் கழுத்துவரை இருந்தது, பார்த்துத்தான் கைபிடியைப் பிடித்துக் கொடுத்தேன். முதல் வீடியோவில் கொடி தெரியவில்லை என்றும், திமிலைத் தாண்டியதும் ஒரு கையால் சிப்பை இறக்கிக் கொடியை வெளியே எடுத்துவிட்டார் என்றும் பிறகுதான் எனக்குத் தெரியவந்தது. சினேகிதி உச்சியில் தொலைபேசியோடு காத்துக்கொண்டிருந்தார்.

4. படத்தில் பனி இல்லை

பனி கொட்டத் தொடங்கியிருந்தது. பஞ்சுப் பொதி பிய்ந்ததுபோலப் பெரிய பெரிய துண்டுகள்.

ராஜி அக்காவின் முதுகு திமிலுக்கு அப்பால் மறைந்தது. குணம் அண்ணை அடுத்த கைபிடிக்குக் கை நீட்டினார். பிடிக்கத் தவறினார். மறுபடி நீட்டினார்.

“என்ரை மனுசியைப்போலத்தான் இதுவும், கிட்டப் போனால் விலகுது,” என்றார். வரிசை சிரித்தது.

நான் ரப்லெற்றைப் பார்த்தேன். படம் இருந்தது. திமிலுக்குப் பின்னால் வெறும் தடம், ஓரத்தில் ஊசிமரக் கிளை ஒன்று. ஆள் இல்லை. உச்சிக்குப் போய்விட்டார் என்று நினைத்தேன். ஹென்ரிக்கின் விதிப்படி எல்லாம் சரி.

ஆனால் ஏதோ சரியில்லை. யன்னலைப் பார்த்தேன். ரப்லெற்றைப் பார்த்தேன். மறுபடி யன்னலைப் பார்த்தேன்.

படத்தில் பனி பெய்யவில்லை.

வெளியே வானமே இறங்கிக்கொண்டிருந்தது, படத்தில் காற்று தெளிவாக இருந்தது. கிளை அசையவில்லை. நான் பார்த்துக்கொண்டிருந்தது இப்போது நடப்பது அல்ல. பனி தொடங்கும் முன் இருந்த தடம். கமரா அணையவில்லை, உறைந்துபோய் நின்றுவிட்டது. திரை கறுத்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும்.

பொத்தானை அடித்தேன்.

“என்ன அண்ணை, கரண்ட் போயிட்டுதோ?” என்றார் குணம் அண்ணை. நான் கொட்டிலை விட்டு ஓடினேன். “அண்ணை, வாங்கோ! கெதியா வாங்கோ!” என்று கத்தினேன். அப்படி நான் கத்தியது எனக்கே புதிதாக இருந்தது. அவர் முகம் மாறியது. ஸ்கீயைக் கழற்றி எறிந்துவிட்டுப் பின்னால் வந்தார்.

பனி முழங்கால்வரை. உச்சியில் நின்ற சினேகிதிக்கும் அந்தப் பனியில் ஒன்றும் தெரிந்திருக்காது. மேலே இருந்து ஒரு சத்தமும் இல்லை. சத்தம் இருந்திருந்தால் அவ்வளவு பயந்திருக்கமாட்டேன்.

ராஜி அக்கா முழங்காலில் இருந்தார். ஸ்கீ இரண்டும் பின்னால் பின்னிக் கிடந்தன. விழுந்தபோது கொடி கைபிடியில் கொழுவிக்கொண்டது. அவருக்குப் பின்னால் பனியில் ஒரு நீளமான கோடு; கயிறு அவரைக் கழுத்தால் இழுத்து வந்த தடம். இரண்டு கையாலும் கைபிடியை இறுக்கிப் பிடித்து, பாரத்தைக் கழுத்துக்கு விடாமல் கையில் தாங்கிக்கொண்டிருந்தார். சாதாரண மெல்லிய சங்கிலி என்றால் எப்போதோ அறுந்திருக்கும். இது அறாது. அறாமல் இருக்கத்தான் அவ்வளவு மொத்தத்தில் செய்கிறோம்.

“தம்பி,” என்றார். குரல் வரவில்லை. “கொடி… கொடி அறுந்திடும்…”

கழுத்து நெரிபடும்போதும் அவருக்கு அந்தப் பயம்தான்.

கையுறையைக் கழற்றிக் கொழுவலைப் பிரிக்கப் பார்த்தேன். முறுகி இறுகியிருந்தது. விரல் இரும்பில் ஒட்டியது. ஒரே வழிதான் இருந்தது. கயிற்றை யாராவது கீழே இழுத்துப் பிடிக்க, மற்றவர் கொடியைத் தலைவழியாக எடுக்கவேண்டும். எடுக்கிற ஆள் நான் அல்ல. நான் கயிற்றைக் கட்டிப்பிடித்து என் முழுப் பாரத்தையும் போட்டுத் தொங்கினேன். கொஞ்சம் இளகியது.

“அண்ணை, தாலியைக் கழட்டுங்கோ!”

குணம் அண்ணை என்னை ஒரு கணம் பார்த்தார். அடிக்கப் போகிறார் என்றே நினைத்தேன்.

“கழட்டுங்கோ அண்ணை! என்னாலை கனநேரம் பிடிக்கேலாது!”

பிறகு மனைவியின் தொப்பியைத் தள்ளி, கொடியைத் தலைக்கு மேலால் எடுத்தார். ராஜி அக்கா பனியில் சரிந்தார். இருமினார், அழுதார். பின்கழுத்தில் சிவப்பாக ஒரு வளையம்.

மூச்சு வந்ததும் அவர் சொன்ன முதல் சொல், “போடுங்கோ.”

குணம் அண்ணை கொழுவலை இழுத்துப் பிரித்தார். அந்தப் பனிக்குள்ளேயே முழங்காலில் இருந்து கொடியை மனைவியின் கழுத்தில் போட்டார். ஜக்கெற்றுக்குள் விட்டு, சிப்பைத் தாடைவரை இழுத்தார். அதற்குள் பெண்கள் சிலர் மூச்சு வாங்க ஏறி வந்திருந்தார்கள்.

“ஐயரும் இல்லை, மேளமும் இல்லை,” என்றாள் ஒருத்தி, அழுதுகொண்டே. “ராஜிக்கு ரெண்டாந்தரம் கலியாணம்.”

யாரும் சிரிக்கவில்லை. பிறகு ராஜி அக்காதான் முதலில் சிரித்தார். இருமலும் சிரிப்புமாக. எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் தடியில் இருந்த கமராவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதன் சிவப்பு விளக்கு, ஒன்றும் நடக்காததுபோல எரிந்துகொண்டிருந்தது.

5. நாடா

ஹென்ரிக் வந்தார். எல்லாவற்றையும் கேட்டார்.

“படம் இருந்ததுதானே?”

“இருந்தது. உயிர் இல்லை.”

அன்று மேட்டை மூடினோம். வேறு வகைக் கமரா பூட்டவேண்டும் என்றார் ஹென்ரிக். அது வரும்வரை என்ன செய்வது என்று என்னிடமே கேட்டார். வேலி அடைக்கும்போது கட்டுகிற செம்மஞ்சள் பிளாஸ்ரிக் நாடாவில் ஒரு துண்டு கிழித்து, கமராவுக்கு முன்னால் ஒரு குச்சியில் கட்டினேன். காற்றில் அது படபடக்கும். நாடா அசைந்தால் படம் உயிரோடு இருக்கிறது. நாடா அசையவில்லை என்றால் கயிறும் அசையக்கூடாது. வேறு கமரா இன்னும் வரவில்லை. நாடா இருக்கிறது.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான்: கறுத்த திரைக்குப் பயப்படாதீர்கள், அது உண்மையைச் சொல்கிறது. தெளிவான படத்துக்குப் பயப்படுங்கள்.

இன்னொன்றும் பழகிக்கொண்டேன். எங்கள் பெண்கள் வந்தால், கொட்டிலை விட்டு வெளியே போய், நிலத்தைப் பார்த்துக்கொண்டாவது சொல்லிவிடுகிறேன்: “அக்கா, கழுத்திலை உள்ளதெல்லாம் கழட்டவேணும். கொடியும்தான். அண்ணையிட்டைக் குடுங்கோ.” சிலர் முறைப்பார்கள். ஒருவர், “முதல்லை உங்கடை வாயைக் கழுவுங்கோ,” என்றார். கழுவிவிட்டு வந்து மறுபடி சொன்னேன்.

காற்றே இல்லாத காலைகள்தான் இன்னும் பயம். அந்த நாட்களில் நாடா தொங்கிக்கொண்டிருக்கும். உயிருள்ள படத்தில் தொங்குகிறதா, செத்த படத்தில் தொங்குகிறதா என்று கொட்டிலில் இருந்து சொல்ல முடியாது. கயிற்றை நிறுத்திவிட்டு ஏறிப் போகிறேன். வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள். திமிலுக்குப் பின்னால் யாரும் இருக்கமாட்டார்கள். நாடாவை விரலால் குச்சியின் மறுபக்கம் தள்ளிவிட்டு, படத்திலும் அது மாறியிருக்கிறதா என்று பார்க்க இறங்கி வருகிறேன்.