தாகமில்லாத பிள்ளைகள்

ஓர் இதழ் கேட்டதற்காக அறிவியல் புனைகதை எழுதினேன். கருவிலேயே மரபணுவைத் திருத்திப் பிறக்கவைத்த மனிதர்கள். நாளுக்கு ஒரு தம்ளர் தண்ணீர் போதும் அவர்களுக்கு. அவர்கள் மிச்சம்பிடித்த தண்ணீரில் பரளச்சிப் பக்கத்து மானாவாரிக் காடெல்லாம் பிழைத்துக்கொள்வதாக முடித்திருந்தேன். எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. வெட்கக்கேடு.

அனுப்பிவிட்ட தெம்பில் தங்கைக்கு வாசித்துக் காட்டினேன். நூல் மில்லில் வேலை பார்ப்பவள். சிறுநீரகத்தில் கல் வந்து பத்து நாளாகப் படுத்திருந்தாள். தினம் மூன்று லிட்டர் தண்ணீர் குடிக்காவிட்டால் திரும்பவும் வரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். திங்கட்கிழமை வேலைக்குப் போகவேண்டும். அங்கே கழிவறைக்குப் போக சூப்பர்வைசரிடம் டோக்கன் வாங்க வேண்டும். அதைக் கேட்கக் கூசி, மில் பஸ் ஏறுமுன்பே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவார்கள் பெண்கள். புதிதாகச் சேர்பவளுக்குப் பழையவள் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடமே அதுதான்.

கதையைக் கேட்டு முடித்தவள், அந்தப் பிள்ளைகளிடம் யாராவது கேட்டார்களா என்றாள். பிறக்குமுன் எப்படிக் கேட்பது என்றேன், பெரிய கெட்டிக்காரன் மாதிரி.

"நான் பெறந்துட்டேன்ல அண்ணே. என்னையக் கேட்டாகளா?"

சுருக்கென்றது. பிறகு கோபம், முதலில் என்மேல். இந்த மாதிரிக் கதைகளில் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன்: தூங்காதவன், வலிக்காதவன், களைக்காதவள். ஷிப்டு மாறாது, முதலாளி மாறமாட்டார், கருவில் கிடக்கிற பிள்ளைதான் மாறவேண்டும். அதற்கு முன்னேற்றம் என்று பெயர் வேறு. கண்மாயைத் தூர்வார வக்கில்லை, மனுசனின் சிறுநீரகத்தில் கைவைக்கக் கிளம்பிவிட்டேன்.

கதையைப் போடவேண்டாம் என்று இதழாசிரியரிடம் போனில் சொன்னேன். படம் வரைந்தாயிற்று, முடிவு நம்பிக்கை தருகிறது என்றார். யாருக்கு என்று கேட்டேன். போனை வைத்துவிட்டேன்.

திங்கட்கிழமை காலை பாலவனத்தம் விலக்கு நிறுத்தத்தில் தங்கையோடு நின்றேன். மில் பஸ் வந்து நின்றதும் தண்ணீர் பாட்டிலை எடுத்து அண்ணாந்து பாதிக்குமேல் குடித்தாள். ஜன்னலோரம் இருந்த அக்கா ஒருத்தி பதறிப்போனாள்.

"ஏத்தா, இப்பவே இம்புட்டையும் குடிச்சா பத்து மணிக்கு என்ன செய்வ?"

"போவேன்க்கா. டோக்கன அவுகளே வச்சுக்கிடட்டும்."

பஸ்ஸுக்குள் சிலர் சிரித்தார்கள். சிலர் வெளியே பார்த்துக்கொண்டார்கள். ஒருத்தி மட்டும் பாட்டிலுக்குக் கையை நீட்டினாள்.